ஊர்ப் போலீசுக்கு இந்த வேலை ஏன்?

வண்டன்மேட்டு ஏலத்தோட்டங்களில் இன்று தமிழும் மலையாளமும் மட்டும் கேட்பதில்லை. கம்பத்திலிருந்தும் போடியிலிருந்தும் ஜீப்பில் மலையேறி வரும் நம் பெண்களோடு, லயங்களில் தங்கி வேலை செய்யும் அஸ்ஸாம், வங்காளம், ஜார்க்கண்ட் தொழிலாளரும் காய் எடுக்கிறார்கள். இவர்களில் வங்கமொழி பேசுவோர் மீது நாடெங்கும் போலீசின் பார்வை விழுந்திருக்கிறது. அது வங்காளியின் பாடு, நமக்கென்ன என்று தமிழ்த் தொழிலாளர் வாளாவிருக்க முடியாது.

வங்கதேசம், மியான்மரிலிருந்து முறைகேடாக வந்தவர்கள் என்று சந்தேகிக்கப்படுவோரை 30 நாட்களுக்குள் விசாரித்து முடிக்குமாறு 2025 மே மாதம் மத்திய உள்துறை மாநிலங்களைப் பணித்தது. குடியேற்றம் மற்றும் அந்நியர் சட்டம் என்னும் புதிய சட்டம் அதே ஆண்டு செப்டம்பர் 1ல் அமுலுக்கு வந்தது. எல்லையைத் திறந்து போட்டுவிட்டு எந்த நாடும் இருக்க முடியாது. அதில் நமக்கு வழக்கில்லை. 2025 ஜனவரியில் வடக்குப் பறவூர் பக்கம் 27 வங்கதேசத்தவர் பிடிபட்டதும் உண்மைதான். ஆனால் இன்னார் அந்நியர் என்று தீர்மானிக்கும் வேலையை ஸ்டேஷன் போலீசிடம் விட்டால், அவர் எதை வைத்துத் தீர்மானிப்பார்? பேச்சையும் முகத்தையும் வைத்துத்தான். முர்ஷிதாபாத்காரரும் ராஜ்ஷாஹிக்காரரும் பேசுவது ஒரே மொழி!

மேற்கு வங்கத்தின் பீர்பூம் மாவட்டத்துக் கர்ப்பிணி ஒருவர் 2025 ஜூனில் டில்லியில் பிடிக்கப்பட்டு, சில நாட்களிலேயே எல்லைக்கு அப்பால் தள்ளப்பட்டார். அங்கே அந்த நாட்டுப் போலீஸ் அவரை அத்துமீறி நுழைந்தவர் என்று சிறையில் வைத்தது. செப்டம்பரில் கல்கத்தா உயர் நீதிமன்றம் அந்த உத்தரவை ரத்துச் செய்தது. ஆயினும் அவர் ஊர் திரும்ப டிசம்பர் ஆயிற்று. இரு நாட்டுப் போலீசுக்கும் அவர் அந்நியர்! தான் அந்நியர் அல்ல என்று நிரூபிக்கும் பொறுப்பு பிடிபட்டவர் தலையில்தான் என்ற 1946ஆம் ஆண்டுச் சட்டத்தின் விதி புதிய சட்டத்திலும் தொடர்கிறது என்பதை இங்கே கவனிக்க வேண்டும்.

இந்தக் கதை தமிழ்த் தோட்டத் தொழிலாளிக்குப் புதிதல்ல. 1948ல் இலங்கை கொண்டுவந்த குடியுரிமைச் சட்டம், தேயிலைக் காட்டில் உழைத்தவனிடம் தகப்பன், பாட்டன் பிறந்த சான்றைக் கேட்டது. லயத்தில் பிறந்தவனுக்குச் சான்று எங்கே? லட்சக்கணக்கானோர் நாடற்றவராயினர். "கள்ளத்தோணி" என்ற ஏச்சு அவர்கள் மேல் ஒட்டிக்கொண்டது. 1964ஆம் ஆண்டு ஒப்பந்தப்படி 5,25,000 பேரை இந்தியா ஏற்பதென முடிவாயிற்று. அப்படி வந்தவர்களில் ஒரு பகுதியினருக்குக் கேரளத்திலேயே புனலூர் ரப்பர்த் தோட்டங்கள் வாழ்வளித்தன.

தமிழ்நாட்டின் கையும் சுத்தமில்லை. திருச்சி மத்திய சிறை வளாகத்துக்குள்ளேயே ஈழத்தமிழருக்கென ஒரு "சிறப்பு முகாம்". ராஜீவ் கொலை வழக்கில் 2022 நவம்பர் 11ல் உச்ச நீதிமன்றம் விடுவித்தவர்களில் இலங்கையரான நால்வர் வீட்டுக்குப் போகவில்லை, அங்கேதான் போனார்கள். அவர்களில் சாந்தன், தாயகம் திரும்பக் காத்திருந்தபடியே 2024 பிப்ரவரி 28ல் சென்னை மருத்துவமனையில் இறந்தார். விடுதலையானவரை வைத்திருக்கும் இடத்தை முகாம் என்றழைத்தால் பூட்டு இல்லாமலாகிவிடுமா? கேரளம் 2022ல் கொல்லம் கொட்டியத்தில், சிறைக்கு வெளியே, சமூகநீதித் துறையின் பொறுப்பில் இத்தகையோருக்குத் தங்குமிடம் திறந்தது. அது இதைவிட மேலான வழி.

நம் மலையிலும் அனுபவம் உண்டு. 2011 டிசம்பரில் முல்லைப் பெரியாறு விவகாரம் மூண்டபோது, தலைமுறையாக இங்கே உழைத்தவர்கள்கூட தமிழ் பேசிய ஒரே காரணத்தால் குழந்தை குட்டிகளோடு கம்பத்துக்கு இறங்க நேர்ந்தது. 2019 ஜூனில் நெடுங்கண்டம் ஸ்டேஷனில் சட்டவிரோதமாக நாட்கணக்கில் அடைக்கப்பட்டு வதைபட்ட ஒருவர், பீர்மேடு சிறையில் உயிர்விட்டார். அந்த ஸ்டேஷன்களிடம் மேலும் ஓர் அதிகாரத்தைக் கொடுக்குமுன் கேரள அரசு யோசிக்க வேண்டும்.

ஊர் விலாசத்தைச் சரிபார்ப்பது தொழிலாளர் துறையின் வேலையாக இருக்கட்டும். சொந்த ஊர்ப் பஞ்சாயத்தின் பதில் வருமுன் எவரையும் அடைக்கலாகாது. பிடித்தால் 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும் என்ற அரசியல் சட்ட விதி, பகைநாட்டார் நீங்கலாக, அந்நியருக்கும் பொருந்தும். காவலில் உள்ளவருக்கு மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு இலவச வக்கீலைத் தர வேண்டும். கேட்டுப் பெற வேண்டும்.

எஸ்டேட் ஆபீஸ்களில் செக்ரோல் எழுதும் கணக்கப்பிள்ளைமார் பலர் இந்த ஏட்டைப் படிப்பவர்கள். அவர்களிடம் ஒரு வேண்டுகோள். வங்காளித் தொழிலாளியின் பெயர், ஊர், வந்த தேதி ஆகியவற்றைப் பிழையின்றி எழுதி வையுங்கள். இரவில் லயத்துக்கு ஜீப் வந்தால், அந்தப் புத்தகத்தோடு நீங்களும் ஸ்டேஷன் வரை போய் வாருங்கள்.