புளியங்கொட்டை போதும், போக்கர் படிக்க!

"போக்கரா? சிவ சிவா! குடும்பப் பெண்களுக்கு அது எதற்கு?" என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள், சகோதரிகளே! சீட்டாட்டத்துக்கு வக்காலத்து வாங்க நான் வரவில்லை. ஆனால் நம் வீட்டுப் பிள்ளைகளும், ஏன், சில வீடுகளில் பெரியவர்களும்கூட இந்த ஆட்டத்தைச் செல்போனில் பார்த்துப் பழகியிருக்கிறார்கள். "அதெல்லாம் சூது, தொடாதே கண்ணு" என்று சொன்னால், "அம்மா, உனக்கு என்ன தெரியும்? இது மூளைக்கு வேலை" என்று பதில் வருகிறது. ஆட்டம் தெரிந்த அம்மாவிடம் அந்தப் பதில் செல்லாது. அதற்காகத்தான் இந்த இதழில் போக்கர் பாடம்.

எங்கள் கொடுமுடிப் பக்கத்தில் தாயமும் பல்லாங்குழியும் ஆடாத வீடு முன்பெல்லாம் கிடையாது. கல்யாண வீட்டுத் திண்ணையில் ஆண்கள் ரம்மி போடுவார்கள். மூணு சீட்டு என்றால் மட்டும் பெரியவர்கள் முகம் சுளிப்பார்கள். போக்கர் அந்த மூணு சீட்டுக்குத் தூரத்து உறவு. அமெரிக்காவில் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், மிசிசிப்பி ஆற்றில் போய்வந்த நீராவிப் படகுகளில் பரவிய ஆட்டம் இது. 1970இல் லாஸ் வேகாஸ் நகரில் இதற்கென்று பெரிய போட்டியே தொடங்கினார்கள். பிறகு டெலிவிஷன், அப்புறம் செல்போன் என்று நம் வீட்டுக் கூடத்துக்கே வந்து சேர்ந்துவிட்டது.

தேவையான பொருள்கள்

ஒரு சீட்டுக் கட்டு. ஜோக்கர்களை எடுத்து ஓரமாக வைத்துவிடுங்கள். 52 சீட்டுகள் போதும். ஆளுக்கு 20 புளியங்கொட்டை. புளி குத்தி முடித்த வீட்டில் இதற்குப் பஞ்சமே இல்லை. நாலைந்து பேர் இருந்தால் ஆட்டம் களைகட்டும். காசு மட்டும் வேண்டாம். எட்டணா என்றாலும் வேண்டாம்.

எந்தக் கை பெரியது?

ஐந்து சீட்டு சேர்ந்ததுதான் ஒரு "கை". ஏஸ் பெரிய சீட்டு. அதற்கு அடுத்து ராஜா, ராணி, ஜாக்கி, 10 என்று இறங்கும். கைகளைப் பெரியதிலிருந்து சிறியதாகச் சொல்கிறேன். ஒரு தாளில் எழுதிப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

1. ராயல் ஃப்ளஷ்: ஒரே சின்னத்தில் 10, ஜாக்கி, ராணி, ராஜா, ஏஸ்.

2. ஸ்ட்ரெய்ட் ஃப்ளஷ்: ஒரே சின்னத்தில் வரிசையாக ஐந்து. உதாரணமாக, இஸ்பேட் 5, 6, 7, 8, 9.

3. நாலு ஒரே எண்: நாலு ராணி, நாலு 7 என்பது போல.

4. ஃபுல் ஹவுஸ்: ஒரே எண்ணில் மூன்று, கூடவே ஒரு ஜோடி. மூன்று 8, இரண்டு ராஜா என்பது போல.

5. ஃப்ளஷ்: ஐந்தும் ஒரே சின்னம், வரிசை வேண்டியதில்லை.

6. ஸ்ட்ரெய்ட்: ஐந்தும் வரிசை, சின்னம் கலந்திருக்கலாம். ஏஸ் முதலிலும் வரலாம், கடைசியிலும் வரலாம். ஆனால் ராஜா, ஏஸ், 2 என்று சுற்றி வரக் கூடாது.

7. மூன்று ஒரே எண்.

8. இரண்டு ஜோடி.

9. ஒரு ஜோடி.

10. எதுவும் சேராத கை. இதில் பெரிய சீட்டு யாரிடம் இருக்கிறதோ அவர் உசத்தி.

இந்த வரிசை யாரோ மனம்போனபடி வைத்ததல்ல. 52 சீட்டில் ஐந்தைந்தாக எடுத்தால் மொத்தம் 25,98,960 விதமான கைகள் வரும். அவற்றில் ராயல் ஃப்ளஷ் நான்கே நான்கு. நாலு ஒரே எண் வருவது 624. ஃபுல் ஹவுஸ் 3,744. ஒரு ஜோடியோ 10,98,240! எது அரிதோ அதற்கு மதிப்பு அதிகம், அவ்வளவுதான் கணக்கு. பத்தாம் வகுப்புப் பிள்ளைக்கு நிகழ்தகவு புரியவில்லையா? இந்தப் பட்டியலை வைத்துச் சொல்லிக் கொடுங்கள், சட்டென்று பிடித்துக்கொள்ளும்.

இன்னொன்றையும் கவனியுங்கள். முதலில் வரும் ஐந்து சீட்டில், நூற்றுக்கு ஏறக்குறைய 50 தடவை ஒரு ஜோடிகூட இருக்காது. 42 தடவை வெறும் ஒரு ஜோடிதான். ஆக, நல்ல கை என்று சொல்லத்தக்கது நூற்றில் எட்டு கூட இல்லை. சினிமாவில் கதாநாயகன் கடைசிச் சீட்டைத் திருப்பினால் எப்போதும் ராயல் ஃப்ளஷ்தான். நம் கூடத்தில் அது 6,49,740 கைக்கு ஒரு தடவை!

எப்படி ஆடுவது?

புதிதாகப் படிப்பவர்களுக்கு "ஐந்து சீட்டு டிரா" என்ற முறைதான் சுலபம். முதலில் எல்லோரும் ஆளுக்கு ஒரு புளியங்கொட்டையை நடுவில் வைக்க வேண்டும். நடுவில் சேரும் குவியலுக்குப் "பாட்" என்று பெயர். சீட்டைக் கலைத்து, ஆளுக்கு ஐந்து போடுங்கள். அவரவர் சீட்டை அவரவர் மட்டும் பார்க்கலாம்.

போட்டவருக்கு இடப் பக்கம் இருப்பவர் முதலில் பேச வேண்டும். பேச்சு ஐந்தே வகை. யாரும் இன்னும் கட்டவில்லை என்றால், தானும் கட்டாமல் தள்ளிவிடுவது "செக்". முதலில் கட்டுவது "பெட்". முன்னவர் கட்டிய அளவே கட்டுவது "கால்". அதற்கு மேல் ஏற்றுவது "ரெய்ஸ்". வேண்டாம் என்று சீட்டைக் கவிழ்த்து வைப்பது "ஃபோல்ட்". மீதி இருப்பவர்கள் எல்லோரும் ஒரே அளவு கட்டியதும் அந்தச் சுற்று முடிந்தது.

பிறகு, பிடிக்காத சீட்டுகளை மூன்று வரை கவிழ்த்துவிட்டு அத்தனை புதுச் சீட்டு வாங்கலாம். மறுபடி ஒரு சுற்றுப் பேச்சு. கடைசியில் நிற்பவர்கள் சீட்டைத் திருப்பிக் காட்ட வேண்டும். பெரிய கை குவியலை அள்ளும். மற்ற எல்லோரும் ஃபோல்ட் செய்துவிட்டால், மிஞ்சியவர் சீட்டைக் காட்டாமலே அள்ளிக்கொள்ளலாம்.

ஒரு கை ஆடிப் பார்ப்போமா? நாத்தனார், நீங்கள், மகன், மாமியார் என்று நாலு பேர். சீட்டுப் போடுபவர் மாமியார். நடுவில் 4 கொட்டை. உங்களுக்கு இரண்டு 9, ஒரு ராஜா, ஒரு 4, ஒரு 2 வந்திருக்கிறது. நாத்தனார் 2 கட்டுகிறார். நீங்களும் 2. மகன் உதட்டைப் பிதுக்கி ஃபோல்ட். மாமியார் 2. இப்போது குவியலில் 10.

நாத்தனார் மூன்று சீட்டு மாற்றுகிறார். அப்படியானால் கையில் ஒரு ஜோடி இருக்கலாம். நீங்களும் ஜோடியை வைத்துக்கொண்டு மூன்று மாற்றுகிறீர்கள். இன்னொரு 9 வந்துவிட்டது! மாமியார் ஒன்றே ஒன்று மாற்றுகிறார். இரண்டு ஜோடி இருக்கிறதோ? ஃப்ளஷுக்கு ஒன்று குறைகிறதோ? யோசிக்க வேண்டிய இடம் இதுதான்.

இரண்டாவது சுற்றில் நாத்தனார் செக். நீங்கள் 3 கட்டுகிறீர்கள். மாமியார் அதை 6 ஆக்குகிறார்; முகத்தில் ஒரு சலனமும் இல்லை. நாத்தனார் ஃபோல்ட். நீங்கள் இன்னும் 3 வைத்துச் சரிக்கட்டுகிறீர்கள். மொத்தம் 22. திருப்பினால் மாமியாரிடம் இரண்டு ஜோடிதான். மூன்று 9க்கு 22 கொட்டையும் சொந்தம். மாமியாரை ஜெயித்த சந்தோஷத்தை ரொம்பக் காட்டிக்கொள்ளாதீர்கள். ராத்திரிச் சமையல் பாக்கி இருக்கிறது!

செல்போனில் பிரபலமானது "டெக்ஸாஸ் ஹோல்டம்" என்ற இன்னொரு முறை. அதில் ஆளுக்கு இரண்டு சீட்டு மறைவாக. ஐந்து சீட்டு எல்லோருக்கும் பொதுவாக நடுவில். ஏழில் நல்ல ஐந்தைச் சேர்த்துக்கொள்ள வேண்டும். கைகளின் வரிசை அதேதான்.

கவிழ்த்து வைக்கும் கெட்டிக்காரத்தனம்

ரம்மியைக் காசில்லாமல் ஆடினாலும் ருசி இருக்கும், சீட்டுச் சேர்ப்பதே வேலை. போக்கரில் அப்படி இல்லை. கட்டுவதும் ஏற்றுவதும்தான் ஆட்டமே. கையில் ஒன்றுமில்லாமல் பெரிதாகக் கட்டி எதிராளியைப் பயமுறுத்துவதற்கு "பிளஃப்" என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். அதனால்தான் கொட்டையாவது வேண்டியிருக்கிறது. அதனால்தான் காசு புகுவதும் இதில் சுலபம்.

நன்றாக ஆடுபவருக்கு அடையாளம் என்ன தெரியுமா? அடிக்கடி ஃபோல்ட் செய்வார். நூற்றில் எட்டுக் கைதானே நல்லது! புதியவருக்கு மனசு வராது. "இவ்வளவு போட்டுவிட்டேனே, இப்போது விட்டால் போச்சே" என்று மேலும் மேலும் வைப்பார். குவியலில் போட்டது நம்முடையது அல்ல, அது பொதுவாகிவிட்டது. இனி வைக்கப்போகும் கொட்டை மட்டும்தான் நம் கையில் இருக்கிறது. இந்த ஒரு விதியைப் பிள்ளைகள் மனசில் ஏற்றிவிட்டால் ஆட்டம் படித்த பலன் கிடைத்துவிட்டது. விட்டதைப் பிடிக்கப் போய் வீட்டையே இழந்தவர்கள் இந்த விதியைத்தான் மறந்தார்கள். தர்மபுத்திரரும் தம்பிகளை ஒவ்வொருவராக வைத்தது அப்படித்தானே? திருவள்ளுவர் சூதுக்கென்றே 94ஆவது அதிகாரத்தை வைத்து, ஜெயிப்பதைக்கூடத் தூண்டில் முள்ளை விழுங்கிய மீனுக்கு ஒப்பிட்டிருக்கிறார்.

இன்னொரு விதியும் உண்டு. ஒரு கை நடந்துகொண்டிருக்கும்போது முன்னால் இருக்கும் கொட்டையைத்தான் வைக்கலாம். அடுக்களைக்கு ஓடி எடுத்து வரக் கூடாது. நல்ல விதி. ஆனால் கை முடிந்ததும் புதிதாக வாங்கிச் சேர்க்கலாம் என்று கிளப்புகளிலும் செல்போனிலும் வைத்தார்கள். அங்கேதான் வினை. நம் வீட்டில் 20 தீர்ந்தால் அன்றைக்கு ஆட்டம் தீர்ந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

டப்பா சோதனை

பிள்ளைகளுக்கு இதைக் கட்டாயம் செய்து காட்டுங்கள். ஐந்து பேர், ஆளுக்கு 20, மொத்தம் 100 கொட்டை. ஒவ்வொரு கை முடிந்ததும், ஜெயித்தவர் ஒரு கொட்டையை ஒரு டப்பாவில் போட வேண்டும். ஆட்டம் நடத்துபவரின் கமிஷன் அது. 50 கை ஆடியதும் எண்ணிப் பாருங்கள். யார் கெட்டிக்காரர், யார் அசடு என்பதெல்லாம் அப்புறம். ஐந்து பேரிடமும் சேர்த்து மிச்சம் 50தான், பாதி டப்பாவில்! பணம் கட்டி ஆடவைத்த செல்போன் ஆட்டங்களின் வியாபாரம் இந்த டப்பாதான். திறமை இருந்தால் பக்கத்து ஆளை ஜெயிக்கலாம். டப்பாவை ஜெயிக்க முடியுமா?

திறமையா, அதிர்ஷ்டமா என்று நீதிமன்றங்களில் பல வருஷம் வாதாடினார்கள். ரம்மி பெரும்பாலும் திறமை, மூணு சீட்டு வெறும் அதிர்ஷ்டம் என்று உச்ச நீதிமன்றம் 1967இல் சொன்னது. ரம்மி, போக்கர் இரண்டையும் அதிர்ஷ்ட விளையாட்டு என்று பட்டியலிட்ட தமிழ்நாட்டுச் சட்டம் 2023 ஏப்ரலில் ஆளுநரின் ஒப்புதல் பெற்றது. அதே வருஷம் நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் இரண்டும் திறமை விளையாட்டு என்று அந்தப் பட்டியலை ரத்துசெய்தது. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் இயற்றிய சட்டம், திறமையானாலும் அதிர்ஷ்டமானாலும் ஆன்லைனில் பணம் கட்டி ஆடும் ஆட்டத்தை நடத்தவும் விளம்பரம் செய்யவும் கூடாது என்று சொல்லிவிட்டது.

சட்டம் ஒரு பக்கம் இருக்கட்டும். வீட்டில் கவனிக்க வேண்டியது நாம்தானே? ராத்திரி தூங்காமல் போனும் கையுமாக இருப்பது, கேட்டால் எரிந்து விழுவது, சின்னச் சின்னக் கடன், அடகுச் சீட்டு, "நாளைக்கு எல்லாம் திரும்பி வந்துவிடும்" என்ற பேச்சு... இவை தெரிந்தால் சும்மா இருக்காதீர்கள். திட்டினால் ஒளித்து ஆடுவார்கள். இதை ஒரு நோயாகவே உலக சுகாதார நிறுவனம் தன் பட்டியலில் வைத்திருக்கிறது. மனநல மருத்துவரிடம் வைத்தியம் உண்டு. 14416 என்ற டெலி மானஸ் எண்ணுக்கு எந்நேரமும் இலவசமாகப் பேசலாம். வெட்கப்பட ஒன்றுமில்லை. சர்க்கரைக்கும் ரத்தக் கொதிப்புக்கும் டாக்டரிடம் போகிறோம் அல்லவா?

கடனை அடைக்க நகையைக் கழற்றிக் கொடுக்கும் முன் மட்டும் ஒரு நிமிஷம் நில்லுங்கள், அம்மிணி. அந்தப் பணம் கடன் கொடுத்தவருக்கு நேரே போகட்டும். ஆடுபவர் கைவழியாகப் போக வேண்டாம். "போட்டது போகட்டும், இனி வைக்க மாட்டேன்" என்று சொல்வதும் ஒரு ஃபோல்ட்தான். அதைச் சொல்லும் தைரியம் வீட்டில் ஒருவருக்காவது வேண்டும்.

வரும் லீவு நாளில் கூடத்தில் பாயை விரித்து ஒரு மணி நேரம் ஆடிப் பாருங்கள். முடிந்ததும் எல்லாக் கொட்டையும் ஒரே டப்பாவுக்குத் திரும்பட்டும்; ஜெயித்தவருக்கு இன்னொரு முறுக்கு கூடுதலாகக் கொடுத்தால் போயிற்று!