யாருடைய பிள்ளை பிரகாஷ்?

டாக்காவில் 2025 நவம்பர் 18 அன்று இரவு நடந்ததை வெறும் தோல்வி என்று சொல்லிக் கடந்துவிட முடியாது. 22 ஆண்டுகளுக்குப் பிறகு இந்தியக் கால்பந்து அணி வங்கதேசத்திடம் தோற்றது. எதிரணியின் நடுக்களத்தில் நின்றவர் இங்கிலாந்தில் பிறந்த ஹம்சா சௌத்ரி. பிரிட்டிஷ் குடியுரிமையை விடாமலே தாயின் நாட்டுக்கு ஆடுகிறார். நம் பக்கத்து ரயான் வில்லியம்ஸோ ஆஸ்திரேலியக் குடியுரிமையைத் துறந்து இந்தியராகி, அணியோடு டாக்கா வரை போயும் களமிறங்க முடியவில்லை. ஆஸ்திரேலியச் சங்கத்தின் தடையில்லாச் சான்று வந்து சேரவில்லை. ஆட்டம் முடிந்த பிறகுதான் அனுமதி கிடைத்தது.

ரயானின் தாய் மும்பையில் பிறந்தவர். தாய்வழிப் பாட்டனார் சந்தோஷ் கோப்பையில் பம்பாய்க்கு ஆடியவர். அந்த உறவு போதாது, பிறந்த நாட்டைக் கைகழுவினால்தான் சட்டை தருவோம் என்றார்கள். பிறந்து வளர்ந்த பெர்த் நகருக்குப் போகவே இனி அவர் விசா கேட்டு நிற்க வேண்டும். முப்பதைத் தாண்டிய ஒருவர் இந்த விலையைக் கொடுத்திருக்கிறார். முழு வாழ்வும் எதிரே கிடக்கும் 20 வயதுப் பிள்ளை கொடுப்பானா? கொடுக்கச் சொல்வதுதான் நியாயமா?

இந்தக் கேள்விக்கு 2008 டிசம்பரிலேயே டெல்லி தவறான விடை எழுதிவிட்டது. இந்தியக் கடவுச்சீட்டு இல்லாத எவரும் இந்தியாவுக்காக ஆடக் கூடாது என்று அன்று உத்தரவிட்டார்கள். அதற்கு முதல் பலியானவர்களில் ஒருவர் நம் சென்னைக் குடும்பத்துப் பிள்ளை பிரகாஷ் அமிர்தராஜ்.

தந்தை விஜய் அமிர்தராஜைப் பற்றி வாசகர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. 1974, 1987 என்று இரண்டு முறை டேவிஸ் கோப்பை இறுதிவரை இந்தியா போனதில் அவர் பங்கு என்னவென்று டென்னிஸ் தெரியாதவர்களுக்கும் தெரியும். மகன் லாஸ் ஏஞ்சல்ஸில் பிறந்தவர். அமெரிக்கக் கடவுச்சீட்டு இருந்தும் 2003 முதல் டேவிஸ் கோப்பையில் இந்தியாவுக்காகத்தான் ஆடினார். அவரை யாரும் இழுத்து வரவில்லை. தாமாகவே தகப்பனின் நாட்டைத் தேடி வந்தார். 2008 ஜூலையில் நியூபோர்ட் போட்டியில் இறுதி ஆட்டம் வரை முன்னேறி, ஃபப்ரிஸ் சந்தோரோவிடம் தோற்றார். ஓர் ஏ.டி.பி. இறுதி ஆட்டத்தை எட்டுவது இந்தியர்களுக்கு எத்தனை அரிது என்பதை நாம் அறிவோம். அப்போது அவருக்கு வயது 24. நல்ல காலம் இனிமேல்தான் என்று நாம் நம்பிக்கொண்டிருந்தபோது, ஐந்தே மாதத்தில் வந்து விழுந்தது அந்த உத்தரவு.

ஐந்தாண்டுகள் இந்தியாவின் பெயரைத் தாங்கி ஆடிய ஒருவரை ஒரே நாளில் அயலார் ஆக்கினார்கள். அதற்கு அவர் செய்த குற்றம் என்ன? ஆட்டத்தை விற்றாரா, ஊக்கமருந்து உண்டாரா, அழைத்தபோது வர மறுத்தாரா? ஒன்றுமில்லை. பிறந்த இடத்தில் அவருக்குக் கிடைத்த ஒரு காகிதம், அவ்வளவுதான். டென்னிஸ் வீராங்கனை ஷிகா உபராயும் இதே அடியில் வெளியேறினார். 2010இல் டெல்லி உயர் நீதிமன்றம் அந்தக் கொள்கை செல்லும் என்றது. சட்டப்படி செல்லும் என்பதால் அது நல்ல முடிவாகிவிடாது.

1974ஐ மறுபடி நினைத்துப் பாருங்கள். இறுதியில் எதிரே நின்றது நிறவெறி அரசு நடந்த தென்னாப்பிரிக்கா. அவர்களோடு ஆடாமல் கோப்பையையே விட்டுக்கொடுத்தோம். பிறப்பைக் கொண்டு மனிதரைத் தள்ளிவைப்பது பொறுக்க முடியாதது என்று உலகுக்குச் சொன்ன அணியில் இருந்தவர் விஜய். நிறமும் கடவுச்சீட்டும் ஒன்றல்லதான். ஆனாலும், அவருடைய மகனை எங்கே பிறந்தாய் என்று கேட்டு வெளியே நிறுத்தியதை மறக்க நமக்கு மனம் வரவில்லை.

காகிதம் செய்யும் கொடுமை எங்கள் கொல்லிமலைக்குப் புதிதல்ல. காஞ்சியிலிருந்து புறப்பட்ட அண்ணன் தம்பிகள் ஆளுக்கொரு மலையில் தங்கினார்கள் என்பதுதான் இங்குள்ள மலையாளி பழங்குடி மக்கள் தலைமுறைகளாகச் சொல்லிவரும் கதை. சேர்வராயனில் இருப்பவரும் பச்சைமலையில் இருப்பவரும் இவர்களுக்கு இன்றும் பங்காளிதான். ஆனால் கொல்லிமலையில் பழங்குடி என்று சான்றிதழ் பெறும் அதே மலையாளி, ஈரோடு மாவட்டத்து பர்கூர் மலையில் அதைப் பெற முடியாமல் ஆண்டாண்டாகப் போராடுகிறார். மாவட்டக் கோடு எங்கே போகிறது என்பதை வைத்து ஒருவர் யார் என்று முடிவு செய்யும் மூளையேதான் பிரகாஷையும் வெளியே தள்ளியது.

வெளிநாட்டுப் பிள்ளைகளை விட்டால் உள்ளூர்ப் பிள்ளைகளின் இடம் போய்விடும் என்று அன்று வாதாடினார்கள். கொல்லிமலைச் செம்மேட்டில் இருந்துகொண்டு அந்த அக்கறையை நாம் அலட்சியப்படுத்த மாட்டோம். ஆடியில் இங்கே வல்வில் ஓரி விழா நடக்கும்போது வில்வித்தைப் போட்டியைப் பார்க்க எங்கள் பிள்ளைகளும் வந்து நிற்கிறார்கள். அந்த 2008 உத்தரவால் இவர்களில் யாருக்கு என்ன கிடைத்தது? 17 ஆண்டுகளில் எந்தப் பயிற்சியாளர் எழுபது கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து இவர்களைத் தேடி வந்தார்? அங்கே மூடிய கதவுக்கு ஈடாக இங்கே ஒரு கதவும் திறக்கவில்லை.

கடவுச்சீட்டு இருந்தவர்களையாவது காத்தார்களா? புதுக்கோட்டை கத்தக்குறிச்சியின் சாந்தி சௌந்தரராஜனிடம் இந்தியக் கடவுச்சீட்டு இருந்தது. 2006 தோஹா ஆசிய விளையாட்டில் 800 மீட்டரில் வெள்ளி வென்றார். பாலினச் சோதனை என்ற பெயரில் பதக்கத்தைப் பறித்தார்கள். அவருக்காக வாதாட டெல்லியிலிருந்து ஒரு குரல் எழவில்லை. அறிவித்த 15 லட்சம் ரூபாயைத் திரும்பக் கேட்காமல் கொடுத்தது தமிழக அரசுதான். மூன்றே ஆண்டுகளில் ஓட்டப்பந்தய வீராங்கனை காஸ்டர் செமன்யாவுக்கு அதே நிலை வந்தபோது தென்னாப்பிரிக்கா ஒட்டுமொத்தமாக எழுந்து நின்றது. அப்போது அவர் வென்ற தங்கம் அவரிடமே இருக்கிறது. சாந்தியின் வெள்ளி இன்றுவரை திரும்பவில்லை.

தேசியக் கொடியைக் காத்த இலட்சணமும் நமக்குத் தெரியும். இந்திய ஒலிம்பிக் சங்கம் இடைநீக்கம் செய்யப்பட்டதால், 2014 சோச்சி குளிர்கால ஒலிம்பிக் தொடக்க விழாவில் ஷிவ கேசவன் உள்ளிட்ட நம் வீரர்கள் மூவர்ணக் கொடி இல்லாமல் ஒலிம்பிக் கொடியின் கீழ் நடந்தார்கள். 2022 ஆகஸ்டில் இந்தியக் கால்பந்துச் சங்கம் தடை செய்யப்பட்டது. ஆசியக் கழகப் போட்டிக்காகத் தாஷ்கண்ட் போய் இறங்கிய கோகுலம் கேரளா மகளிர் அணி ஆடாமலேயே திரும்பியது. 2025இல் ஐ.எஸ்.எல். கால்பந்துத் தொடர் உரிய காலத்தில் தொடங்கவே இல்லை. வீரர்கள் வேலையின்றி உட்கார்ந்திருந்தார்கள். இவ்வளவையும் நடக்கவிட்டவர்கள்தான் நாட்டுப்பற்றை அளக்க ஒரு பிள்ளையின் கையிலுள்ள புத்தகத்தைப் புரட்டுகிறார்கள்.

வேல்ஸில் ஈழத் தமிழ்ப் பெற்றோருக்குப் பிறந்த விமல் யோகநாதன் 2024 ஆகஸ்டில் பார்ன்ஸ்லி அணிக்காகக் களமிறங்கியபோது உலகத் தமிழர்கள் கொண்டாடினார்கள். அவர் தமிழராக இருப்பதால் வேல்ஸுக்கு எந்தக் குறையும் வந்துவிடவில்லை. ஆஸ்திரேலிய ஓபனில் ஜோகோவிச்சிடம் முதல் செட்டைப் பறித்த அமெரிக்க டென்னிஸ் வீரர் நிஷேஷ் பசவரெட்டியை 'இந்திய வம்சாவளி' என்று நம் செய்திகள் தூக்கிப் பிடித்தன. அவர் நாளை இந்தியாவுக்கு ஆட விரும்பினால் நாம் நீட்டப்போவது என்ன? அமெரிக்காவை விட்டு வா என்ற நிபந்தனைதான்.

கால்பந்தில் உலகச் சங்கமும் குடியுரிமை கேட்கிறது என்பது உண்மை. ஆனால் இரட்டைக் குடியுரிமை கிடையாது என்று சொல்வது அந்தச் சங்கமல்ல, நாம்தான். வெளிநாடுவாழ் இந்திய வம்சாவளியினருக்கு வாழ்நாள் அட்டை கொடுத்து, வா, வீடு வாங்கு, தொழில் செய் என்கிறோம். ஆடுவதற்கு மட்டும் இடமில்லை. விளையாட்டு வீரர்களுக்குத் தனி விலக்கோ, சட்டத் திருத்தமோ, வேறு ஏற்பாடோ, ஏதோ ஒரு வழியை டெல்லி விரைந்து காண வேண்டும். அது முடியும்வரை, வெளிநாடுவாழ் இந்தியர் தின மேடைகளில் இந்தப் பிள்ளைகளின் பெயரைச் சொல்லிக் கைதட்டல் வாங்குவதையாவது நிறுத்தட்டும்.