வளையல் தட்டும் 47ஆவது குரோமோசோமும்

மூலனூர், தாராபுரம் வட்டாரத்துக் கண்வலிக்கிழங்குக் காட்டுக்காரர்களுக்கும் அவர்தம் சுற்றத்தாருக்கும் ஒரு திறந்த மடல்

டவுன் நோய்க்குறியுடன் பிறந்த குழந்தையின் உயிரணுக்களில் 46 குரோமோசோம்களுக்குப் பதிலாக 47 இருப்பதற்கு, அக்குழந்தையைச் சுமந்த மாதங்களில் தாய் உண்ட உணவோ, பார்த்த கிரகணமோ, நடந்த காடோ காரணமன்று என்பதும், அந்தப் பிழை மிகப் பெரும்பாலும் கரு உருவாவதற்கு முன்பே நேர்ந்து முடிந்துவிடுகிறது என்பதும் மருத்துவ உலகில் ஐயத்துக்கு இடமின்றி நிறுவப்பட்ட செய்திகள். அவ்வாறிருந்தும், சென்ற தை மாதம் இவ்வட்டாரத்தில் நடந்த ஒரு வளைகாப்பில், அத்தகைய குழந்தையைப் பெற்ற பெண் ஒருவர், கர்ப்பிணிக்கு நாத்தனார் முறையாக இருந்தும், வளையல் தட்டின் அருகே வர வேண்டாம் என்று தடுக்கப்பட்டார். சுவீடனின் லுண்ட் நகரில் உயிரணு மரபியல் ஆய்வுக்கூடமொன்றில் பணிபுரியும், இவ்வட்டாரத்தில் பிறந்து வளர்ந்த ஒருவர், விடுமுறைக்கு வந்திருந்தபோது அதைக் கண்டு, திரும்பிச் சென்ற பின்னும் அது நெஞ்சை விட்டு அகலாததால் எழுதுவதே இம்மடல். இவ்வளவு சிறிய விஷயத்துக்கு இவ்வளவு பெரிய கடிதமா என்று ஊரார் கேட்கக்கூடும். ஓர் ஊர் தன் பெண்களை எப்படி வைத்திருக்கிறது என்பதை அளக்க இதைவிடப் பெரிய விஷயம் எதுவும் எழுதுபவருக்குத் தென்படவில்லை.

தடுத்ததற்குக் காரணங்களும் அன்று பந்தலிலேயே சொல்லப்பட்டன. கிரகணத்தன்று அப்பெண் வெளியே வந்தார் என்றனர் சிலர். கர்ப்பமாக இருந்தபோது கண்வலிக்கிழங்குக் காட்டில் மகரந்தம் சேர்க்கப் பூத்தொட்டார், அந்த விஷம் ஏறிவிட்டது என்றனர் வேறு சிலர். அது அவர் பிறந்த வீட்டு வம்சத்திலேயே ஓடுகிறது என்று ஒரு பெரியவர் முடிவு கட்டினார். கிரகணத்தைப் பற்றிப் பேசி யாருடைய நேரத்தையும் வீணாக்க வேண்டியதில்லை. மற்ற இரண்டுக்கும் விடை சொல்வதற்குக் குரோமோசோம் எத்தகையது என்பதைச் சற்று விளக்க வேண்டும்.

குரோமோசோம் என்பது உயிரணுவின் உட்கருவில், டி.என்.ஏ.வும் புரதமும் சேர்ந்து அமைந்த நீண்ட இழை. ஒரு மனித உயிரணுவில் உள்ள டி.என்.ஏ. முழுவதையும் நீட்டி வைத்தால் ஏறத்தாழ 2 மீட்டர் நீளும். அது அடங்கியிருக்கும் உட்கருவின் குறுக்களவோ ஒரு மில்லிமீட்டரில் ஏறத்தாழ நூறில் ஒரு பங்கு. ஹிஸ்டோன் எனப்படும் புரதங்கள் எட்டெட்டாகத் திரண்டு நிற்க, ஒவ்வொரு திரளையும் டி.என்.ஏ. ஒன்றரைச் சுற்றுக்கு மேல் சுற்றிக்கொண்டு அடுத்த திரளுக்குப் போகிறது என்பதையும், அச்சுற்று மேலும் மேலும் மடிந்தே அத்தனை நீளமும் அவ்வளவு சிறிய இடத்தில் அடங்குகிறது என்பதையும், நூற்பாலையில் கதிரில் ஏறும் நூலைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு நீட்டி விளக்கத் தேவையில்லை. உயிரணு பிரியப்போகும்போது ஒவ்வொரு குரோமோசோமும் தன்னைப் படியெடுத்துக்கொண்டு, குரோமாட்டிட் எனப்படும் இரட்டை இழைகளாக, சென்ட்ரோமியர் என்ற இடுப்புப் பகுதியில் பிணைந்து நிற்கும்; அந்த இடுப்பைப் பற்றி இழுக்கும் கதிர்க்கோல் இழைகள் இரட்டையைப் பிரித்து இரு முனைகளுக்கும் ஒவ்வொன்றாகக் கொண்டு சேர்க்கும். உடல் வளரவும் புண் ஆறவும் நடக்கும் இப்பிரிவுக்கு மைட்டாசிஸ் என்று பெயர். அதில் 46 குரோமோசோம் உள்ள உயிரணு, 46 உள்ள இரண்டைத் தருகிறது.

முட்டையும் விந்தணுவும் உருவாகும் பிரிவு வேறு. குன்றல் பகுப்பு எனப்படும் அதில் இணை குரோமோசோம்கள் முதலில் ஒன்றோடொன்று சேர்ந்து, பிறகு பிரிந்து, இரண்டு கட்டங்களில் எண்ணிக்கை பாதியாகி 23 ஆகிறது. தாயிடமிருந்து 23, தந்தையிடமிருந்து 23 என்று வந்தால்தான் குழந்தைக்கு 46 ஆகும். ஆணுக்கு இப்பிரிவு பருவமடைந்த பின் தொடங்கி இடைவிடாது நடக்கிறது. பெண்ணுக்கோ, அவள் தன் தாயின் வயிற்றில் சிசுவாக இருக்கும்போதே தொடங்கி, பாதியில் நின்று, இருபது முப்பது நாற்பது ஆண்டுகள் அப்படியே காத்திருந்து, ஒரு முட்டை வெளிப்படும் மாதத்தில்தான் மேலே தொடர்கிறது. அத்தனை ஆண்டுகள் குரோமோசோம்களைச் சேர்த்துப் பிடித்திருக்கும் கோஹிசின் என்ற புரதப் பிணைப்பு தளர்ந்துபோவதால், சில வேளைகளில் 21ஆம் குரோமோசோம் இரண்டும் பிரியாமல் ஒரே பக்கம் போய்விடுகின்றன. அந்த முட்டை கருவுற்றால் 21ஆம் குரோமோசோம் மூன்றாகிவிடும். ட்ரைசோமி 21 என்பது அதுவே. 20களில் உள்ள தாய்க்கு ஆயிரம் பிறப்பில் ஒன்றுக்கும் குறைவாக உள்ள வாய்ப்பு, 35 வயதில் ஏறத்தாழ 350க்கு ஒன்று, 40 வயதில் ஏறத்தாழ 100க்கு ஒன்று என ஏறுவது இதனால்தான். சிறுபான்மை நேர்வுகளில் இதே பிழை தந்தையின் விந்தணுவில் நேர்கிறது. இதைச் சொன்னபோது பந்தலில் சிரித்தவர்கள் உண்டு.

இனிக் காட்டுக் குற்றச்சாட்டுக்கு வரலாம். கண்வலிக்கிழங்குப் பூவின் சூல்தண்டு செங்குத்தாக நிற்காமல் பக்கவாட்டில் மடிந்து, ஆறு மகரந்தத் தாள்களையும் விட்டு விலகி நிற்பதால், வண்டையும் காற்றையும் நம்பினால் காய் சரியாகப் பிடிப்பதில்லை என்பதையும், அதனால் காலை வேளையில் பெண்கள் கொடிக்குக் கொடி நகர்ந்து, மகரந்தத்தை எடுத்துச் சூல்முடியில் தொட்டுவைக்கிறார்கள் என்பதையும் இவ்வூராருக்கு யாரும் சொல்லத் தேவையில்லை. அக்கைகள் தொட்டு விளைவித்த விதையிலிருந்து பிரித்தெடுக்கப்படும் கொல்கிசின் கடல் கடந்து எங்கெங்கோ போகிறது. அது கீல்வாத மருந்து என்பதும் பலருக்குத் தெரியும். அதே வேதிப்பொருள்தான் குரோமோசோம்களைக் கண்ணால் காணவும் வழி செய்தது என்பது அவ்வளவாகத் தெரியாது. கொல்கிசின் கதிர்க்கோல் இழைகளை உருவாக விடாமல் தடுக்கிறது. இழுக்க இழையில்லாததால், குரோமோசோம்கள் மிகத் தடித்துச் சுருங்கிய நிலையிலேயே பிரிவு நின்றுவிடுகிறது. எண்ணுவதற்கு அதைவிட நல்ல தருணம் இல்லை.

லுண்டில் அந்த எண்ணிக்கை இவ்வாறு நடந்தது. 1923 முதல் மனிதனுக்கு 48 குரோமோசோம்கள் என்றே பாடநூல்கள் எழுதிவந்தன. ஜாவாவில் பிறந்து, இரண்டாம் உலகப் போரில் ஜப்பானியரின் சிறையில் இருந்து, பிறகு ஸ்பெயினில் வேலை பார்த்துக்கொண்டு, விடுமுறைக்கு லுண்டுக்கு வந்து ஆய்வு செய்த ஜோ ஹின் சியோ என்பவர், வெங்காய வேரில் கொல்கிசினின் விளைவை 1938இலேயே ஆராய்ந்திருந்த ஆல்பர்ட் லெவானின் கூடத்தில், 1955 டிசம்பரில், மனிதக் கருவின் நுரையீரல் உயிரணுக்களை உப்புக் குறைந்த கரைசலில் உப்பச் செய்து, கொல்கிசினால் நிறுத்தி, அமுக்கிப் பரப்பி எண்ணியபோது 46தான் இருந்தன. 1956இல் அது அச்சேறியது. மூன்றே ஆண்டுகளில், 1959இல், பாரிஸில் ட்ரைசோமி 21 கண்டறியப்பட்ட செய்தி வெளியானது. அங்கே திசு வளர்ப்புக் கூடத்தை நிறுவியவர் மார்த் கோத்தியே என்ற பெண் மருத்துவர், புகழ் முழுவதும் நெடுங்காலம் போய்ச் சேர்ந்தது ஜெரோம் லெஜ்யூனுக்கு. வேலை பெண்ணுக்கு, பெயர் வேறொருவருக்கு என்பது மூலனூருக்கு மட்டும் உரிய வழக்கமன்று.

சியோவைப் போலப் பிழைப்புக்காகக் கடல் கடந்தவர் ஒருவர், அவர் எண்ணிய அதே நகரில் இன்று குரோமோசோம்களை எண்ணிக்கொண்டிருப்பதில் பெருமை இல்லை என்று சொன்னால் அது பொய். ஆனால் அந்தப் பெருமைக்குள் ஒரு முள்ளும் இருக்கிறது: சொந்தக் காட்டில் விளையும் எந்தப் பொருளைக் கொண்டு உலகம் உண்மையைத் தெளிந்ததோ, அதே பொருள் அந்தக் காட்டில் பூத்தொடும் பெண்ணுக்கு எதிர்ச்சாட்சியாக நிறுத்தப்படுகிறது. கிழங்கும் விதையும் உண்டால் உயிரைப் பறிக்கும் என்பது உண்மை. குழந்தைகளுக்கு எட்டாமல் வைக்க வேண்டும் என்பதும் உண்மை. பூவைத் தொட்டதனால் குழந்தைக்கு 21ஆம் குரோமோசோம் கூடும் என்பதற்கு எந்த ஆதாரமும் இல்லை. கர்ப்பம் என்று தெரிந்து நாள் எண்ணத் தொடங்குவதற்கு முன்பே அந்தக் கணக்கு முடிந்துவிட்டது.

வம்சம் என்ற குற்றச்சாட்டு இன்னும் கொடியது, ஏனெனில் அது அப்பெண்ணோடு நிற்காமல் அவர் தங்கையின் திருமணப் பேச்சையும் நிறுத்திவைத்திருக்கிறது. டவுன் நோய்க்குறி உள்ளவர்களில் ஏறத்தாழ 95 விழுக்காட்டினரிடம் இருப்பது தனியாக நிற்கும் மூன்றாவது 21ஆம் குரோமோசோம். அது தற்செயல் பிழை, அதனால் சித்திக்கோ அத்தைக்கோ கூடுதல் ஆபத்து எதுவும் இல்லை. 3 அல்லது 4 விழுக்காட்டினரிடம் மட்டுமே 21ஆம் குரோமோசோம் வேறொன்றோடு, பெரும்பாலும் 14ஆவதோடு, ஒட்டிக்கொண்டிருக்கும். இடப்பெயர்ச்சி எனப்படும் அதைப் பெற்றோரில் ஒருவர், எவ்விதக் குறையும் வெளியே தெரியாமல், சுமந்துகொண்டிருக்கலாம். அந்த ஒருவர் தந்தையாகவும் இருக்கலாம். எஞ்சிய சிலரிடம் சில உயிரணுக்களில் 47ம் மற்றவற்றில் 46ம் கலந்திருக்கும். நெருங்கிய உறவில் மணம் முடிப்பது வேறு சில மரபுக் கோளாறுகளுக்கு வழி வகுப்பது உண்மையே ஆயினும், ட்ரைசோமி 21ஐ அதன் தலையில் கட்டுவது பொருந்தாது.

இம்மூன்று வகைகளுள் எது என்று சொல்லக் கைரேகையோ ஜாதகமோ வேண்டாம். குழந்தையின் சில மில்லிலிட்டர் இரத்தம் போதும். இரத்த வெள்ளணுக்களை 37 பாகை வெப்பத்தில் மூன்று நாள் வளர்த்து, கொல்கிசினோ அதன் இனப் பொருளோ இட்டுப் பிரிவை நிறுத்தி, கண்ணாடித் தகட்டில் சொட்டி, டிரிப்சினால் பதப்படுத்திக் கீம்சா சாயம் ஏற்றினால், ஒவ்வொரு குரோமோசோமும் தனக்கே உரிய கருப்பு வெள்ளைப் பட்டைகளுடன் நுண்ணோக்கியில் நிற்கும். அவற்றை இணை இணையாக அடுக்கிய படத்துக்குக் கேரியோடைப் என்று பெயர். கோயம்புத்தூர் வரை போனால் செய்துகொள்ளக்கூடிய சோதனை இது. அக்குழந்தைக்கு நான்கு வயதாகியும் செய்யப்படவில்லை. தாயின் ஜாதகம் மூன்று ஊர்களில் பார்க்கப்பட்டது. தந்தையின் விரலில் ஒரு துளி இரத்தம் எடுக்க வேண்டுமென்று யாருக்கும் தோன்றவில்லை.

இதே வழக்கம் வேறு வீடுகளிலும் உண்டு. முதல் மூன்று மாதங்களில் கலையும் கருக்களில் ஏறத்தாழ பாதி குரோமோசோம் எண்ணிக்கையில் பிழை உள்ளவை; ஆயினும் கரு கலைந்த பெண்ணிடம், எந்தப் படியில் ஏறினாய், எதைத் தூக்கினாய் என்றே கேட்கிறார்கள். ஓர் எக்ஸ் குரோமோசோம் மட்டும் உள்ள டர்னர் நோய்க்குறிப் பெண் வயதுக்கு வரவில்லை என்று மூலையில் உட்கார்த்தப்படுகிறாள். கூடுதல் எக்ஸ் உள்ள கிளைன்ஃபெல்ட்டர் ஆணுக்குக் குழந்தை இல்லையென்றால் மனைவி தள்ளிவைக்கப்படுகிறாள்.

தோட்டத்தைக் குத்தகைக்கு விட்டுவிட்டு, பெற்றோரின் கடைசிக் காலத்தைத் தொலைபேசியில் கழித்தவருக்கு ஊருக்குப் புத்தி சொல்ல என்ன உரிமை என்ற கேள்வி எழும். அது நியாயமான கேள்வி, அதற்கு எழுதுபவரிடம் நல்ல விடை இல்லை. இழவுக்கும் கல்யாணத்துக்கும் நின்றவர்கள், மழை பொய்த்த ஆண்டுகளில் கிழங்கைக் காப்பாற்றி அடுத்த பட்டத்துக்கு வைத்தவர்கள் ஊரில் இருப்பவர்களே. ஆகவே இது புத்தியாக அன்றி ஒரு வேண்டுகோளாகக் கொள்ளப்பட வேண்டும்.

பழியைவிட அவசரமானது ஒன்று உண்டு. டவுன் நோய்க்குறியுள்ள குழந்தைகளில் ஏறத்தாழ பாதிப் பேருக்குப் பிறவி இதயக் கோளாறு இருக்கிறது. தைராய்டு குறைபாடும் காது கேளாமையும் அவர்களிடம் அதிகம். இவை உரிய காலத்தில் கவனிக்கப்படும் நாடுகளில் அவர்கள் இன்று ஏறத்தாழ 60 வயது வரை வாழ்கிறார்கள். மறைத்து வைக்கப்படும் குழந்தையின் நெஞ்சில் யாரும் கருவி வைத்துப் பார்ப்பதில்லை. அந்தப் பந்தலில் தாயின் மடியில் உட்கார்ந்திருந்த குழந்தையின் உதடுகள் சற்று நீலமாக இருந்தன. இதயத்துக்கு எக்கோ பரிசோதனை, தைராய்டுக்கு ஓர் இரத்தப் பரிசோதனை, செவித்திறன் பரிசோதனை, அவற்றோடு கேரியோடைப் ஆகிய நான்கும் இம்மாதத்துக்குள் நடக்க வேண்டும். அவற்றுக்கான செலவை எழுதுபவர் ஏற்றுக்கொள்வார். ஆனால் அக்குழந்தையையும் தாயையும் அழைத்துக்கொண்டு கோயம்புத்தூர்ப் பேருந்தில் ஏற, ஊரில் இருக்கும் ஒருவர்தான் முன்வர வேண்டும்.