ஈஜோக்கிற்கு நகரம் வருகிறது, நமக்கு வீடு வருமா?

ஈஜோக் மக்கள் 2007 ஏப்ரல் மாதத்தை மறந்திருக்க மாட்டார்கள். இடைத்தேர்தல் வந்தது. பல ஆண்டுகளாகக் கேட்டும் கிடைக்காத தார்ச்சாலையும் தெருவிளக்கும் சில நாள்களில் வந்து சேர்ந்தன. பணமும் இயந்திரமும் அரசிடம் முன்பே இருந்தன. நம் ஓட்டு தேவைப்பட்டபோதுதான் அவை வெளியே வந்தன.

நகரங்களைப் பற்றிய பாடநூல்கள் பெரும்பாலும் லண்டன், பாரிஸ், சிகாகோ நகரங்களைப் பார்த்து எழுதப்பட்டவை. கிராமத்து மக்கள் வேலை தேடி நகரத்துக்குப் போவார்கள், நகரம் அவர்களுக்கு இடம் தரும் என்பது அவற்றின் கணக்கு. நம் கதை வேறு. நாம் நகரத்துக்குப் போகவில்லை, நகரம்தான் நம் தோட்டத்துக்கு வந்தது. புஞ்சாக் ஆலம் வளர்ந்தது. 2011இல் லாத்தார் நெடுஞ்சாலை ஈஜோக்கைத் தொட்டது. ரப்பரும் செம்பனையும் நின்ற நிலத்துக்கு இன்று சதுர அடிக் கணக்கில் விலை பேசுகிறார்கள். அந்தக் கணக்கில் லயத்து மக்கள் எங்கே?

சட்டம் சொல்வதைப் பாருங்கள். தோட்டம் தனியார் நிலம் என்பதால் ஊராட்சியின் சாலை, விளக்கு, குப்பை வண்டி உள்ளே வருவதில்லை. 1990ஆம் ஆண்டின் தொழிலாளர் வீடமைப்புச் சட்டம் வேலையில் இருக்கும்வரை தரமான வீடு வேண்டும் என்கிறது. வேலை முடிந்தால் வீடும் முடிந்தது. எத்தனை தலைமுறை வாழ்ந்தாலும் குடியிருந்ததால் மட்டும் நிலம் உரிமையாகாது என்பது தேசிய நிலச் சட்டம். பிரேசில் நாட்டில் 1988 அரசியலமைப்பு வேறு வழி கண்டது. நகரத்துத் தனியார் நிலத்தில் 250 சதுர மீட்டருக்குள், எதிர்ப்பின்றி ஐந்தாண்டு தொடர்ந்து குடியிருந்த, வேறு சொத்து இல்லாத குடும்பம் உரிமை கோரலாம்.

இங்கே நடந்தது என்ன? புத்ராஜெயாவுக்காக நான்கு தோட்டத்து மக்கள் டிங்கில் அடுக்குமாடிக்கு மாற்றப்பட்டார்கள். அந்தச் சுவர்கள் விரிசல் கண்டன. நமக்குப் பக்கத்திலேயே, பத்தாங் பெர்ஜுந்தை என்று நாம் அறிந்த பெஸ்தாரி ஜெயாவில், ஐந்து தோட்டத்து முன்னாள் தொழிலாளர்கள் வீட்டுக்காகப் பல்லாண்டு போராடினார்கள். 245 வீடுகளுக்கான திட்டம் வந்தது அந்தப் போராட்டத்தால்தான். ஆனால் ஒவ்வொரு தோட்டமும் ஒரு தலைமுறை காத்திருக்க முடியுமா?

ஆகவே நம் கோரிக்கை தெளிவானது. விவசாய நிலத்தைக் கட்டட நிலமாக மாற்ற, தேசிய நிலச் சட்டத்தின் 124ஆம் பிரிவின்படி மாநில அரசின் அனுமதி வேண்டும். அரசு நிபந்தனை விதிக்கலாம். "முதலில் தொழிலாளர்களுக்குத் தரைவீடு, பிறகு உருமாற்றம்" என்பதை அந்த நிபந்தனை ஆக்குங்கள்.

இதை யாரிடம் கேட்பது? கோலசிலாங்கூர் மாவட்ட மன்றம் 2021இல் நகராண்மைக் கழகமாக உயர்ந்தது. ஆனால் தலைவரும் உறுப்பினர்களும் மாநில அரசு நியமிப்பவர்களே. 1965இல் நிறுத்தப்பட்ட ஊராட்சித் தேர்தலை 1976ஆம் ஆண்டுச் சட்டம் ஒழித்தே விட்டது. நம்மவரான வழக்கறிஞர் ஆதி நாகப்பன் தலைமையிலான அரச விசாரணை ஆணையம் 1968இல், தேர்ந்தெடுக்கப்பட்ட ஊராட்சியே வேண்டும் என்று பரிந்துரைத்தது. அரசு ஏற்கவில்லை. ஓட்டு இருந்தால் சாலை வரும் என்று ஈஜோக் ஒருமுறை பார்த்துவிட்டது. குப்பையையும் கால்வாயையும் கட்டட அனுமதியையும் கவனிக்கும் மன்றத்துக்கும் அந்த ஓட்டு வேண்டும்.

தேர்தல் வரும்வரை கைகட்டி நிற்க வேண்டாம். வட்டார வரைவுத் திட்டம் பொதுப் பார்வைக்கு வரும்போது எழுத்து மூலம் ஆட்சேபம் தெரிவிக்கச் சட்டம் இடம் தருகிறது. உங்கள் தோட்டம் வரைபடத்தில் என்ன நிறத்தில் இருக்கிறது என்று போய்ப் பாருங்கள். ஒரு லயத்துக்கு ஒருவர் என்று குழு அமைத்து, பெயரும் வாழ்ந்த ஆண்டும் எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுங்கள். முத்திரையிட்ட நகலை வாங்கிப் பத்திரமாக வையுங்கள். நாளை புல்டோசர் வரும்போது, நாம் இங்கே இருந்தோம் என்பதற்கு அந்தத் தாள்தான் சாட்சி.