மைலோ யாருடைய நாய்?

என் வீட்டுக்காரர் லோரி ஓட்டுகிறார். ஈப்போவிலிருந்து ஜொகூர் பாருவுக்கு ஏறக்குறைய 530 கிலோமீட்டர். அங்கே சரக்கை இறக்கி, அடுத்த சரக்குக்குக் காத்திருந்து, அது கிள்ளான் துறைமுகத்துக்கு என்றால் அங்கேயும் போய்விட்டு வீடு திரும்ப எட்டு நாளாகும். சில சமயம் பத்து. போன மார்ச்சில் அப்படித்தான் ஓர் இரவு வந்து கேட்டைத் திறந்தார். எங்கள் மைலோ குரைத்த குரைப்பில் எதிர்வீட்டுச் சீன ஆண்ட்டி விளக்கைப் போட்டு எட்டிப் பார்த்தார். மாதாமாதம் அந்த வீட்டுக்குக் கடன் கட்டுகிற மனிதர், சொந்த வாசலில் துணிப்பையோடு திருடனைப் போல நின்றார்.

"ஏம்மா, நான் யாருன்னு இதுக்கிட்ட நீ சொல்லலையா?" என்றார். சிரித்துக்கொண்டுதான் கேட்டார். ஆனால் அன்று இரவு இரண்டு வாய்க்கு மேல் சாப்பிடவில்லை.

மைலோ வந்தபோது அதற்கு இரண்டு மாதம். கடைசி மகள் படிக்கக் கோலாலம்பூர் போய்விட்டாள். தனியாக இருக்கிறாயே, துணைக்கு இருக்கட்டும் என்று என் அண்ணன் தூக்கி வந்து விட்டுப் போனார். கோப்பி நிறமா, மைலோ நிறமா என்று பார்த்து மகள் போனிலேயே பேர் வைத்தாள். அந்த வாரம் என் வீட்டுக்காரர் சிகாமட்டில் இருந்தார். அவர் குட்டியை முதன்முதலில் பார்த்தபோது அது வீட்டுக்கு வந்து ஒன்பது நாள் ஆகியிருந்தது. அதன் கணக்கில் வீட்டுக்காரி நான், விருந்தாளி அவர்.

இதற்கு ஊரில் வைத்தியம் சொல்லாதவர் இல்லை. "ரோத்தானால ஒரு போடு போடச் சொல்லு, யார் முதலாளின்னு அதுக்குத் தெரியும்" என்றார் அதே அண்ணன். இந்த யோசனை நம்மவர்களிடம் இன்னும் உயிரோடு இருப்பதுதான் எனக்கு எரிச்சல். நாயைக் கொடுமைப்படுத்தினால் 2015ஆம் ஆண்டு விலங்கு நலச் சட்டப்படி குறைந்தது 20,000 வெள்ளி அபராதம், அல்லது மூன்று ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டும் உண்டு. சட்டத்தை விடுங்கள். பத்து நாளைக்கு ஒரு முறை வருகிற ஆள், வந்ததும் அடித்தால், குட்டி என்ன படிக்கும்? லோரிச் சத்தம் கேட்டால் அடி விழும் என்று படிக்கும். அவ்வளவுதான்.

நான் பிறந்தது சுங்கை சிப்புட் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்து லயத்தில். அங்கே இந்தப் பிரச்சனையே இருந்ததில்லை. எங்கள் வீட்டுக்கு முன்னால் படுத்துக் கிடந்த கருப்பனை எங்கள் நாய் என்றுதான் சொல்வோம். பக்கத்து வீட்டாரும் அப்படியேதான் சொல்வார்கள். குட்டி கண் திறந்த நாளிலிருந்து பிள்ளைகளின் கை மாறிக்கொண்டே இருக்கும். ஆயக்கொட்டகை வாசல், பெரட்டுக் களம், கள்ளுக்கடையிலிருந்து தள்ளாடி வருகிற மாமா, சைக்கிளில் வரும் மீன்காரர் எல்லாம் அதற்குப் பழகிப்போகும். ஸ்காட், ஃபுல்லர் என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள் பல ஆண்டுகள் குட்டிகளை வளர்த்துப் பார்த்து 1965இல் எழுதிய புத்தகத்தில், மூன்றாம் வாரத்திலிருந்து பன்னிரண்டாம் வாரம் வரை குட்டி யாரோடெல்லாம் பழகுகிறதோ அதுதான் பிற்பாடு அதன் உலகம் என்றார்கள். தோட்டத்துக் குட்டிக்கு அந்த வயதுக்குள் ஒரு லயமே சொந்தமாகிவிடும். மைலோவுக்குக் கிடைத்தது தாமான் வீட்டு இரும்புக் கேட்டும் நானும்தான். தடுப்பூசி எல்லாம் முடியும்வரை வெளியே விடாதே என்றார்கள், விடவில்லை. பார்வோ நோய் கொன்றுவிடும் என்பது உண்மை. ஆனால் தரையில் இறக்காமல் கையில் வைத்துக்கொண்டே மளிகைக்கடை வரை போய் வந்திருக்கலாம். எனக்கு யாரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

பிறகு ரப்பர் மரங்களைத் தள்ளிச் செம்பனை நட்டார்கள். லயத்தைக் காலி செய்தோம். அடுக்குமாடிக்கு நாயைக் கொண்டுபோக முடியாது. அப்பா வாரம் ஒரு நாள் சைக்கிளில் சோறு கட்டிக்கொண்டு தோட்டத்துக்குப் போய்வந்தார். நாலாவது வாரம் போனபோது கருப்பன், புதிதாக வந்த இந்தோனேசியத் தொழிலாளி ஒருவரின் பின்னால் போய்க்கொண்டிருந்ததாம். அப்பாவைப் பார்த்து ஓடி வந்து வாலாட்டியதாம், சோற்றைத் தின்றதாம், மறுபடி அந்த ஆள் பின்னாலேயே போய்விட்டதாம். அப்பா அதைக் குறையாகச் சொல்லவில்லை. "காலையில அஞ்சு மணிக்குக் கூட நடக்கிறவன்தான் அதுக்கு வேணும்" என்றார். அவரும் அப்படித்தான் வருஷக்கணக்காக விடியுமுன் அதை நிரைக்குக் கூட்டிக்கொண்டு போனவர். மரம் மரமாக அவர் வெட்டிக்கொண்டு போக, அது நாலு மரம் முன்னால் போய் உட்கார்ந்திருக்கும். அவரிடமிருந்து ஒரு தடவிக்கொடுத்தல்கூட நான் பார்த்ததில்லை.

தோட்டம் போனதும் ஆண்கள் லோரிக்கும் சிங்கப்பூருக்கும் போனார்கள். நாய் கேட்டுக்குள் வந்தது. கூட நடக்க ஆள் இல்லை.

இன்னொன்றையும் ஒப்புக்கொள்ள வேண்டும். மைலோ என் வீட்டுக்காரரைப் பார்த்து உறுமியபோது எனக்குள் ஒரு மூலையில் சந்தோஷமாக இருந்தது. எட்டு இரவு தனியாகப் படுப்பவள் நான்; எனக்கென்றே ஓர் உயிர் இருக்கிறது என்ற பெருமை. "என்னைத் தவிர யார்கிட்டயும் போகாது" என்று நானே நாலு பேரிடம் சொல்லியிருக்கிறேன். அது பெருமைப்பட வேண்டிய விஷயம் இல்லை என்று புரிய மூன்று மாதம் ஆனது. ஆகவே மருந்து என்னிடமிருந்து தொடங்கியது.

அவர் வருகிற அன்று நான் புந்தோங் சந்தைக்குப் போய்விடுவேன். வேண்டுமென்றே. நான் வீட்டில் இருந்தால் அதற்கு அவர் எதற்கு? அவர் தரையில் உட்கார்ந்து தேநீர் குடிப்பார். கூப்பிட மாட்டார், முகத்தை நேராகப் பார்க்க மாட்டார். அவித்த கோழி ஈரலைச் சுண்டுவிரல் நுனி அளவுக்கு நறுக்கி வைத்திருப்பேன். ஒவ்வொன்றாக முழங்காலுக்குப் பக்கத்தில் போடுவார். முதல் தடவை மேசைக்கு அடியிலிருந்து கழுத்தை மட்டும் நீட்டி ஒன்றைக் கவ்விக்கொண்டு பின்வாங்கியதாம். பின்கால் இரண்டும் ஓடத் தயாராக அப்படியே இருந்ததாம். அடுத்த முறை வந்தபோது அவர் தொடையில் முன்னங்காலை வைத்தது.

அமெரிக்காவில் எமரி பல்கலைக்கழகத்தின் கிரெகரி பெர்ன்ஸ் குழு 12 நாய்களை ஸ்கேன் கருவியில் அசையாமல் படுக்கப் பழக்கி, பலருடைய வாசனையைக் காட்டிப் பார்த்தது. பழகிய மனிதரின் வாசனைக்குத்தான், அந்த மனிதர் பக்கத்தில் இல்லாதபோதும், மூளையில் இன்பத்தை எதிர்பார்க்கும் பகுதி அதிகமாக வேலை செய்தது. இதைப் படித்த பிறகு என் வீட்டுக்காரர் கழற்றிப் போட்ட பனியனைத் துவைக்காமல் மைலோவின் படுக்கையில் போட்டேன். "அந்த டீசல் நாத்தத்தையா?" என்றார். அந்த நாத்தம்தான் வேண்டும். முன்பெல்லாம் வந்ததும் குளித்துவிட்டு, சோப்பு வாசனையோடு நாயிடம் போவார். இப்போது மோந்து பார்த்து முடித்த பிறகுதான் குளியல். வீடியோ காலைக் கைவிட்டோம். அவர் குரல் கேட்டதும் மைலோ போனுக்குப் பின்னால் போய்த் தேடிவிட்டு முனகியது, பார்க்கச் சகிக்கவில்லை.

வீட்டில் இருக்கும் இரண்டு நாளும் காலையில் சங்கிலி அவர் கையில்தான். நான் கூடப் போவதில்லை. ஐந்து மணி இல்லை, ஆறரை. அப்பாவுக்குத் தெரிந்தால் சிரிப்பார். போன வாரம் லோரி முனையில் திரும்பும் சத்தத்துக்கே மைலோ கேட்டுக்குப் போய்விட்டது. குரைக்கத்தான் செய்தது, ஆனால் அந்தக் குரைப்பு வேறு. எதிர்வீட்டு ஆண்ட்டி விளக்கைப் போடவில்லை.

குட்டி வாங்கப் போகிறவர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். தூரத்தில் வேலை செய்பவருக்குத் தீபாவளி லீவு கிடைக்கிற வாரமாகப் பார்த்து வாங்குங்கள். அவரே கையில் தூக்கி வரட்டும். முதல் மூன்று நாள் சோற்றை அவரே வைக்கட்டும். நீங்கள் சந்தைக்குப் போங்கள், மெதுவாகத் திரும்பி வாருங்கள்.