மின்கருவிச் சான்றிதழ் சலுகைக்குரிய பொருளல்ல

2009 அக்டோபர் 29 மாலை. ஜெய்ப்பூரை அடுத்த சீதாபுராவில் இந்தியன் ஆயில் நிறுவனத்தின் சேமிப்புக் கிடங்கில், குழாய்வழியே பெட்ரோலை அனுப்பும் பணியின்போது வால்வு ஒன்றிலிருந்து பெட்ரோல் பீறிட்டது. ஒரு மணி நேரத்துக்கும் மேலாக அதை அடைக்க இயலவில்லை. ஆவி வளாகம் முழுவதும் படர்ந்தது. பிறகு எங்கோ ஒரு பொறி. 11 பேர் மாண்டனர். தீ ஓயப் பல நாட்களாயின. விசாரித்த எம்.பி.லால் குழு, நிர்வாகக் கட்டிடத்தில் இருந்த, தீத்தடுப்பு உறையற்ற மின்கருவி ஒன்றோ, வளாகத்துக்குள் இயக்கப்பட்ட வாகனம் ஒன்றோ அந்தப் பொறிக்குக் காரணமாக இருந்திருக்கலாம் என்றது.

தொழிலாளர்கள் ‘பிளேம்ப்ரூஃப்’ என்றே சொல்லும் இந்த உறையின் தத்துவம் எளியது. உள்ளே வெடிப்பு நிகழ்ந்தாலும் தடித்த வார்ப்பு உறை அதைத் தாங்கும். நுண்ணிய இடைவெளிகள் வழியே வெளியேறும் வாயு, வெளியிலுள்ள ஆவியைப் பற்றவைக்க முடியாத அளவுக்குக் குளிர்ந்துவிடும். உறையின் ஒரு போல்ட் இல்லையென்றாலும் இந்தப் பாதுகாப்பு பொய்த்துப் போகும். புரொப்பேன் வாயுவுக்கு ஏற்றதெனச் சான்று பெற்ற விளக்கு ஹைட்ரஜனுக்கு உதவாது. தகட்டில் பொறித்த ஒவ்வோர் எழுத்துக்கும் இப்படி ஒரு பொருள் உண்டு. கொள்முதல் பிரிவில் எத்தனை பேர் அதைப் படிக்கிறார்கள் என்பது வேறு கேள்வி.

நம் நாட்டில் தன்பாதிலுள்ள மத்தியச் சுரங்க, எரிபொருள் ஆய்வு நிறுவனம் போன்ற கூடங்கள் இக்கருவிகளைச் சோதிக்கின்றன. எண்ணெய்க் கிடங்குகளில் பயன்படுவனவற்றுக்கு நாக்பூரைத் தலைமையிடமாகக் கொண்ட பெட்ரோலிய, வெடிபொருள் பாதுகாப்பு அமைப்பும், சுரங்கங்களில் பயன்படுவனவற்றுக்குச் சுரங்கப் பாதுகாப்புத் தலைமை இயக்ககமும் ஒப்புதல் தருகின்றன. தொழில் முதலாளிகளின் சங்கங்கள் இத்தகைய ஒப்புதல்களைத் தாமதம் என்றும், செலவு என்றும் குறை கூறுவது வழக்கம். தாமதம் உண்மையெனில் சோதனைக் கூடங்களைப் பெருக்கட்டும். அலுவலர் பணியிடங்களை நிரப்பட்டும். உற்பத்தியாளர் தமக்குத் தாமே நற்சான்று எழுதிக்கொள்வது அதற்கு மாற்றாகாது.

இந்த ஏற்பாடு முதலாளிகளின் கருணையால் வந்ததல்ல. 1913 அக்டோபர் 14 அன்று வேல்ஸ் நாட்டின் செங்கெனித் நிலக்கரிச் சுரங்கத்தில் 439 தொழிலாளர்கள் மாண்டனர். மீட்கச் சென்ற ஒருவரும் உயிரிழந்தார். சைகை மணியின் மின்கம்பியில் எழுந்த பொறி மீதும் ஐயம் விழுந்தது. சுரங்க மேலாளருக்கு 24 பவுன், கம்பெனிக்கு 10 பவுன், தண்டனை அவ்வளவே. ஒரு தொழிலாளியின் உயிர் இரண்டு ஷில்லிங் கூடப் பெறவில்லை. அத்தகைய மணிகள் குறித்து அக்காலத்தில் நடந்த ஆய்வுகளிலிருந்தே, பற்றவைக்கும் அளவுக்கு ஆற்றலே இல்லாத மின்சுற்று என்ற கோட்பாடு உருவாயிற்று.

2025 ஜூன் 30 அன்று தெலங்கானாவின் பாஷமைலாரத்தில், செல்லுலோஸ் தூள் தயாரிக்கும் ஆலையில் நேர்ந்த வெடிப்பு நாற்பதுக்கும் மேற்பட்டோரைப் பலிகொண்டது. அவர்களில் பலர் வெளிமாநிலத் தொழிலாளர்கள். தீப்பற்றும் தூளும், வாயுவைப் போலவே, காற்றில் கலந்தால் வெடிக்கும். அங்கும் அதற்கேற்ற மின்கருவிகளே இருக்க வேண்டும்.

ஒன்றிய அரசோ எதிர்த்திசையில் செல்கிறது. 2020ஆம் ஆண்டின் தொழில் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு, ஆய்வாளரை ‘ஆய்வாளர் மற்றும் வசதி செய்து தருபவர்’ ஆக்கிவிட்டது. யாருக்கு வசதி என்று விளக்க வேண்டியதில்லை. போபாலுக்குப் பின் 1987இல் தொழிற்சாலைகள் சட்டத்தில் சேர்க்கப்பட்ட 41ஜி பிரிவு, ஆபத்தான தொழில்களில் தொழிலாளர் சரிசமமாகப் பங்கேற்கும் பாதுகாப்புக் குழுவைச் சட்டத்திலேயே கட்டாயமாக்கியிருந்தது. புதிய தொகுப்பின் 22ஆவது பிரிவு அதை அரசின் ஆணைக்கு விட்டுவிடுகிறது.

தொகுப்புகளுக்கு எதிரான போராட்டம் தொடரும். அதுவரை காத்திராமல், எரிவாயு நிரப்பும் ஆலைகளிலும் எண்ணெய்க் கிடங்குகளிலும் இரசாயன ஆலைகளிலும் நமது சங்கக் கிளைகள், ஆபத்து மண்டல வரைபடத்தையும் அங்குள்ள ஒவ்வொரு மின்கருவியின் ஒப்புதல் சான்றையும் நிர்வாகத்திடம் எழுத்துப்பூர்வமாகக் கோர வேண்டும். குறைந்த விலைப்புள்ளிக்கு வேலை எடுத்த ஒப்பந்தக்காரர் கொண்டுவரும் பொருள்களும் இதற்கு விலக்கல்ல. இரவுப்பணியில் தொட்டியருகே செல்லும் ஒப்பந்தத் தொழிலாளியின் கையிலுள்ள டார்ச் விளக்கிலிருந்தே அந்தச் சோதனையைத் தொடங்கலாம்.