நகைச்சுவைக் கலைஞருக்கு நீதிமன்றம் உண்டு. சிறிய அரங்குக்கு யார்?

தடா: மேடையில் பேசிய நகைச்சுவைக்காக மும்பையில் பதிவான வழக்கில், விழுப்புரம் மாவட்டத்தில் வசிக்கும் கலைஞர் குணால் கம்ராவுக்கு 2025 மார்ச் 28 அன்று சென்னை உயர் நீதிமன்றம் இடைக்கால முன்ஜாமீன் வழங்கியது. அவர் பேசிய மும்பை அரங்கோ, அதற்கு நான்கு நாட்களுக்கு முன்பே தன் கதவுகளை மூடுவதாக அறிவித்துவிட்டது. ஸ்டாண்ட்-அப் நகைச்சுவை தொடர்பான சர்ச்சைகளில் கலைஞரின் பேச்சுரிமை பற்றி நிறைய விவாதிக்கப்படுகிறது. அவருக்கு ஒலிவாங்கியும் நாற்காலியும் கொடுத்த சிறிய அரங்கின் நிலை பற்றி மிகக் குறைவாகவே பேசப்படுகிறது.

மகாராஷ்டிர துணை முதல்வர் ஏக்நாத் ஷிண்டேவைப் பெயர் சொல்லாமல் பகடி செய்யும் பாடல் ஒன்று இடம்பெற்ற நிகழ்ச்சிக் காணொளியை, கம்ரா மார்ச் 23 அன்று யூடியூபில் வெளியிட்டார். அன்றிரவே, நிகழ்ச்சி பதிவான கார் பகுதியிலுள்ள 'ஹேபிடட்' அரங்கைச் சிவசேனா தொண்டர்கள் அடித்து நொறுக்கினர். அவர்கள் நுழைந்தபோது மேடையில் இருந்தவர் கம்ரா அல்ல. வேறொரு கலைஞரின் நிகழ்ச்சி நடந்துகொண்டிருந்தது. அவரைக் காண வந்த பார்வையாளர்கள்தான் வெளியேற வேண்டியதாயிற்று. மறுநாள், விதிமீறல் கட்டுமானம் எனக் கூறி மும்பை மாநகராட்சியின் குழு சம்மட்டிகளுடன் வந்து ஒரு பகுதியை இடித்தது. தாக்குதல் வழக்கில் கைதான தொண்டர்கள் அன்றே ஜாமீனில் வெளிவந்தனர்.

ஷிண்டே, வன்முறையைத் தாம் ஆதரிக்கவில்லை என்றும், பேச்சுக்கு ஒரு வரம்பு வேண்டும், வினைக்கு எதிர்வினை உண்டு என்றும் கூறினார். அரங்குக்கும் தன் பேச்சுக்கும் தொடர்பில்லை, அது ஒரு மேடை மட்டுமே என்பது கம்ராவின் பதில். இரண்டு வாதங்களில் எதை ஏற்றாலும், உடைந்த நாற்காலிகள் மூன்றாவது ஒருவருடையவை.

சிறிய அறை ஏன் தேவை?

நகைச்சுவையை வீட்டில் எழுதி முடித்துவிட முடியாது. ஐம்பது பேர் முன் சொல்லி, சிரிப்பு வராத இடத்தை வெட்டி, மறுநாள் வேறு ஐம்பது பேர் முன் திரும்பச் சொல்லித்தான் அது உருவாகிறது. பெரிய சபாக்களில் இதற்கு வழியில்லை. வாடகை கட்டுப்படியாகாது, தோல்வியும் அம்பலமாகிவிடும். எனவேதான் உலகெங்கும் இக்கலை பப்புகளின் பின்னறைகளிலும் அடித்தளங்களிலும் வளர்ந்தது. ஸ்காட்லாந்தின் எடின்பரோ நகரில் 1947-இல் அழைப்பின்றி வந்த எட்டு நாடகக் குழுக்களால் தொடங்கிய ஃபிரிஞ்ச் கலை விழா இதற்குப் பெரிய சான்று. அங்கு பல கலைஞர்கள் அறை வாடகையைத் தாங்களே செலுத்தி நஷ்டப்பட்ட நிலையில், 1996-இல் பீட்டர் பக்லி ஹில் என்பவர் நுழைவுக்கட்டணம் இல்லாத முறையைத் தொடங்கினார். பப் உரிமையாளர் அறையை இலவசமாகத் தருவார். அவருக்கு மது விற்பனை லாபம். பார்வையாளர்கள் முடிவில் வாளியில் போடும் பணம் கலைஞருக்கு. அந்த விழாவில் 2023-இல் சிறந்த புதுமுகத்துக்கான நகைச்சுவை விருதைப் பெற்றவர் மும்பையின் உரூஜ் அஷ்ஃபாக்.

தமிழகத்தில் தெருமுனை பப் கலாசாரம் இல்லை. தனியார் மதுக்கூடங்கள் பெரும்பாலும் நட்சத்திர விடுதிகளுக்கும் கிளப்புகளுக்கும் உள்ளேயே இயங்குகின்றன. அதனால் சென்னையில் அந்த இடத்தைக் காபிக் கடைகளும் சிறு கலையரங்குகளும் நிரப்புகின்றன. எந்த ஊரானாலும் உரிமையாளரின் கணக்கு ஒன்றுதான்: ஓர் இரவு நிகழ்ச்சியால் கிடைப்பது சில ஆயிரங்கள், அதற்காகப் பணயம் வைப்பது உணவு உரிமம், தீயணைப்புத் தடையின்மைச் சான்று, மாநகராட்சி அனுமதி, மதுக்கூடமானால் கலால் உரிமம். கூட்டம் வந்து கல்லெறியக்கூடத் தேவையில்லை. ஒரு மனு போதும்.

2022 செப்டம்பரில் ஹரியாணாவின் குருகிராமில் அப்படித்தான் நடந்தது. கம்ராவின் நிகழ்ச்சிக்கு எதிராக விஸ்வ ஹிந்து பரிஷத்தும் பஜ்ரங் தளமும் மாவட்ட நிர்வாகத்திடம் மனு அளித்ததும், நடத்தவிருந்த பார் அதை ரத்து செய்தது. 2021 ஜனவரி 1 அன்று இந்தூர் காபிக் கடை ஒன்றில் கைதான முனாவர் ஃபாரூக்கி, ஒரு மாதத்துக்கும் மேலாகச் சிறையிலிருந்து உச்ச நீதிமன்றத்தின் இடைக்கால ஜாமீனில் வெளிவந்தார். ஆனால் அதே ஆண்டு நவம்பரில், அரங்குகளுக்கும் பார்வையாளர்களுக்கும் விடுக்கப்பட்ட மிரட்டலால் இரண்டு மாதங்களில் 12 நிகழ்ச்சிகள் ரத்தானதாக அவரே தெரிவித்தார். பெங்களூருவில் அமைப்பாளர்களுக்குக் கடிதம் எழுதி நிறுத்தச் சொன்னது காவல்துறை.

தடா பகுதி வாசகர்களுக்கு இந்தப் பகடி மரபு புதிதல்ல. எல்லையின் இருபுறமும் திரௌபதி அம்மன் திருவிழாக்களில் நடக்கும் பாரதக் கூத்தில், அரசனையே கேலி செய்ய உரிமை பெற்றவன் கட்டியங்காரன். ஊர்ப் பெரியவரும் அவன் வாயிலிருந்து தப்புவதில்லை. அந்த மேடை ஊரே சேர்ந்து போட்டது என்பதுதான் வேறுபாடு. அதை உடைப்பவர் ஊரைப் பகைக்க வேண்டும். பப் மேடை ஒரு தனி மனிதரின் முதலீடு; உடைத்தால் அவர் மட்டுமே எதிரி.

சட்டம் எங்கே நிற்கிறது?

கலைஞரைப் பொறுத்தவரை சட்டம் ஓரளவு தெளிவாகிவிட்டது. ஒரு மாநிலத்தில் வழக்கு இருக்க, வேறு மாநிலத்தில் வசிப்பவர் உள்ளூர் நீதிமன்றத்தில் தற்காலிகப் பாதுகாப்பு பெறுவதே டிரான்சிட் முன்ஜாமீன். மும்பை வழக்கில் சிக்கியவர் தடாவில் வசித்தால் ஆந்திர உயர் நீதிமன்றத்தை நாடலாம். சில கிலோமீட்டர் தெற்கே ஆரம்பாக்கத்தில் வசித்தால் சென்னை உயர் நீதிமன்றத்தை. 2023 நவம்பரில் உச்ச நீதிமன்றம் இதை உறுதி செய்தது. கம்ராவுக்கு ஜாமீன் கிடைத்த அதே மார்ச் 28 அன்று, கவிதை ஒன்றுக்காக எம்.பி. இம்ரான் பிரதாப்கடி மீது குஜராத்தில் பதிவான வழக்கை உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. ஸ்டாண்ட்-அப் நகைச்சுவையையும் பெயர் சொல்லியே அத்தீர்ப்பு காக்கிறது.

அரங்குக்கான முன்னுதாரணம் அதைவிடப் பழையது, அதுவும் தமிழ்ப் படம் ஒன்றால் கிடைத்தது. 'ஒரே ஒரு கிராமத்திலே' வழக்கில், போராட்டமோ வன்முறையோ நடக்கும் என்ற மிரட்டலைக் காரணம் காட்டி கருத்துச் சுதந்திரத்தை ஒடுக்க முடியாது. காப்பது அரசின் கடமை என 1989-இல் உச்ச நீதிமன்றம் கூறியது. 2019 ஏப்ரலில், திரையரங்குகளில் ஓடவிடாமல் தடுக்கப்பட்ட வங்காளப் படம் ஒன்றின் தயாரிப்புத் தரப்புக்கு மேற்கு வங்க அரசு 20 லட்சம் ரூபாய் இழப்பீடு வழங்கவும் உத்தரவிட்டது. ஆனால் இவை தணிக்கைச் சான்று பெற்ற திரைப்படங்கள். வழக்காட முதலீட்டாளர் இருந்தார். நாற்பது நாற்காலி போட்ட காபிக் கடைக்காரர், காவல் நிலையத்திலிருந்து வரும் தொலைபேசி அழைப்புக்கு எதிராக உச்ச நீதிமன்றம் வரை போவார் என எதிர்பார்ப்பது நடைமுறைக்கு ஒவ்வாதது. அழைப்பு எழுத்தில் இருப்பதில்லை. ரத்து செய்தவர் அவராகவே ரத்து செய்தவராகிறார்.

கம்ரா மீதான வழக்கில் ஏப்ரல் 25 அன்று மும்பை உயர் நீதிமன்றம், அவரைக் கைது செய்யத் தடை விதித்தது. விசாரிக்க வேண்டுமானால் சென்னையில் வைத்து விசாரிக்கலாம் என்றது. 'ஹேபிடட்' நிர்வாகமோ, தன்னையும் தன் உடைமைகளையும் ஆபத்துக்கு உள்ளாக்காமல் மேடை அளிக்கும் வழி தெரியும் வரை மூடியிருக்கப்போவதாக மார்ச் 24 அறிவிப்பில் குறிப்பிட்டிருந்தது. கலைஞர்களின் கருத்துகளுக்குத் தாங்கள் ஒருபோதும் பொறுப்பாக இருந்ததில்லை என்றும் அதில் தெரிவித்திருந்தது.